பதினாறாம் வரி

ஆகஸ்ட் 11, 1986

மதிப்புக்குரிய பயிற்சியாளர் அம்மாவுக்கு,

இப்படி அழைப்பதில் கிண்டல் இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டாம். இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தால் என் பயிற்சி அட்டை மட்டும் கிடந்தது. உன்னைக் காணோம். கம்பெனி உன்னை ஆறு வாரத்துக்கு நியூ பிரன்சுவிக் ஆலைக்கு அனுப்பியிருப்பதை கேன்டீனில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

அட்டையில் பதினாறு வரிகள். பதினைந்துக்கு நேராக உன் கையெழுத்து இருக்கிறது. உணவு டின்கள் அடுக்கிய கூடைகளை எண்ணி ஏற்றுவது, அவற்றை நீராவியில் வேகவைக்கும் கலனின் கதவைப் பூட்டுவது, நீராவியைத் திறந்து உள்ளே இருக்கும் காற்றைத் துரத்துவது, நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தில் மட்டும் பார்த்து எழுதுவது, எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறாய். கடைசி வரிக்கு நேராக மட்டும் வெள்ளையாக விட்டிருக்கிறாய். 'குறை கண்டால் தானே முடிவெடுத்துக் கலனை நிறுத்துதல், கூடைகளுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்குதல். ஒரு முறை.'

ஜூலை 29ஆம் தேதி நான் அதைச் செய்தேனா இல்லையா? பீன்ஸ் வெந்துகொண்டிருந்தபோது நீராவி இறங்கியது. நிறுத்தினேன். சீட்டு ஒட்டினேன். நீ இரண்டடி தள்ளி நின்றாய். அன்று வீட்டுக்குப் போய் மனைவி டினாவிடம் "முடிஞ்சுதுடி" என்று சொன்னதும், அவள் பிளம் கேக் வேறு செய்துவிட்டாள்.

செப்டம்பர் 12 வெள்ளிக்கிழமையோடு என் தொண்ணூறு நாள் முடிகிறது. அதற்குள் அட்டை நிரம்பினால் நான் வருஷம் முழுக்க வேலை உள்ள ஆள். நிரம்பாவிட்டால், சோளம் தீர்ந்த மறுநாள் வீட்டுக்கு அனுப்பப்படும் சீசன் ஆள். எனக்கு ஐம்பத்தொரு வயது. ஃபவுண்டரியை மூடிய பிறகு பதினான்கு மாதம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவன். இன்னொரு இடத்துக்குப் போய் மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கத் தெம்பு இல்லை.

அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். தபால்தலை ஒட்டிய உறையும் இருக்கிறது. உனக்கு ஒரு நிமிஷ வேலை. போனில் பேசினால் கத்திவிடுவேன் என்று டினாதான் பேனாவைக் கையில் திணித்தாள்.

அப்ராம் வீப்


ஆகஸ்ட் 15, 1986

அன்புள்ள அப்ராம்,

அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்து போடவில்லை. உறையைப் பிரித்ததும் அதைத்தான் தேடியிருப்பீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சொல்லாமல் வந்தது என் தப்பு. வெள்ளிக்கிழமை மதியம் உங்களிடம் பேச மூன்று தடவை கலன் அறை வாசல் வரை வந்தேன். உங்களுக்கு என் அப்பாவைவிட நாலு வயதுதான் குறைவு. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் லாக்கரில் போட்டுவிட்டு ஓடிவந்தேன். மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இது அழகில்லை.

ஜூலை 29ஐப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் நிறுத்தினீர்கள், சரியாகவும் நிறுத்தினீர்கள். ஆனால் வால்வில் கை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் கை திரும்பியது. அன்றைக்கு மட்டும் என்றால் விட்டிருப்பேன். அதற்கப்புறம் கவனித்துக்கொண்டே வந்தேன். காற்று வால்வை மூடும் முன்னும் பார்க்கிறீர்கள், நேரத்தை எழுதும் முன்னும் பார்க்கிறீர்கள். அப்ராம், நீங்கள் கலனைப் படிக்கவில்லை, என்னைப் படிக்கிறீர்கள்.

வரியில் 'தானே முடிவெடுத்து' என்று இருக்கிறது. அட்டையின் பின்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். கலன் இயக்கும் சான்றிதழ் உள்ளவர், அதுவும் தன் கண்ணால் பார்த்தவர் மட்டுமே கையெழுத்திடலாம். நான் இன்னும் பார்க்கவில்லை.

இங்கே என் அறை ஒரு இரும்புக் கடையின் மாடியில். தூக்கமே சரியாக வருவதில்லை. நாள் முழுக்க இருபது பேருக்கு ஒரே வேலையைச் சொல்லிக் காட்டி, செய்து காட்டி, கடைசியில் நான் என்ன சொல்கிறேன் என்று எனக்கே கேட்பதில்லை.

கொலெட் மாரென்டெட்


ஆகஸ்ட் 20, 1986

கொலெட்,

படித்தேன். இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை கோபம் இன்னும் ஏறியது.

உன்னைப் பார்த்தேனாம்! நீ பக்கத்தில் நின்றாய், பார்த்தேன். சுவரையா பார்ப்பார்கள்?

ஃபவுண்டரியில் இருபத்திரண்டு வருஷம் இரண்டாள் பிடிக்கும் கரண்டியில் இரும்பு ஊற்றினவன் நான். உலைச் சத்தத்தில் ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குக் கேட்காது. முகமூடிக்குள் வாய் தெரியாது. கண் மட்டும்தான் தெரியும். சாய்ப்பதற்கு முன்னால் எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டும். அவன் தயார் என்றால் சாய்ப்போம், இல்லையென்றால் நிற்போம். பார்க்காமல் சாய்த்த ஒருத்தனால் அவன் கூட்டாளியின் பாதம் போனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள் முதல் நாளே சொன்னது இதுதான். உன் அட்டையில் அதற்கு ஒரு வரி இருந்திருந்தால் எனக்கு இருபத்திரண்டு வருஷம் கையெழுத்து விழுந்திருக்கும்.

அது என் குறை என்கிறாய். எனக்குத் தெரிந்த ஒரே ஒழுக்கம் அதுதான்.

இன்னொன்று. ஃபோர்மேன் லைல் பர்விஸ் என்னைக் கூப்பிட்டு, "என்னய்யா இது, ஒரு வரிக்காகவா தொங்கிட்டு நிக்குற? ஆர்வில்கிட்ட குடு, போட்டுத் தருவான்" என்றான். லைல் தன் அறையில் தலைக்கு மேலே தன் சொந்தக் கலன் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான், பன்னிரண்டு வருஷம் கலன் ஓட்டினவனாம். ஆர்வில் எனக்கு முந்தைய ஷிப்டில் கலன் ஓட்டுகிறவன், எட்டு வருஷச் சான்றிதழ் உள்ளவன். நானும் கேட்டுப் பார்த்தேன். "ஒரு பெட்டி பீர் வாங்கிக் குடு, பதினேழாவது வரியும் சேர்த்துப் போடுறேன்" என்று சிரித்தான்.

நீ போடாவிட்டால் உலகம் நின்றுவிடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்ராம்


ஆகஸ்ட் 24, 1986

அன்புள்ள அப்ராம்,

ஃபவுண்டரி விஷயம் எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. எட்டு வாரம் உங்கள் பக்கத்தில் நின்று வால்வைக் காட்டினேனே தவிர, இதற்கு முன்னால் உங்கள் கை எங்கே இருந்தது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதல் வாரத்திலேயே புரிந்திருக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. நீங்கள் என் முகத்தைப் படிப்பது ஜூன் கடைசியிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். நாம் சொல்லிக் கொடுத்து ஒருவர் சரியாகச் செய்தால் நமக்கும் ஒரு சுகம் இருக்கிறதே, அதற்காகத்தான். பயிற்சியின் மூன்றாம் கட்டத்தில், கற்பவர் தானே செய்யும்போது, பயிற்சியாளர் வாயைத் திறக்கக் கூடாது என்று விதி. நான் வாயைத் திறக்கவில்லை, மோவாயால் சொல்லிக் கொடுத்தேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ரஸ் என்று ஒருவர் என்னிடம் பயிற்சி எடுத்தார். நல்ல மனிதர். அவருக்குக் குழந்தை பிறந்த வாரம் அது. கடைசி இரண்டு வரிகளை நான் பார்க்காமலேயே கையெழுத்து போட்டுக் கொடுத்தேன். வாழ்த்து அட்டையில் போடுவது போல் போட்டேன். அடுத்த மாதம் அவர் தனியாக இருந்த ஷிப்டில் ஒரு கூடை வேகாமலேயே கிடங்குக்குப் போய்விட்டது. ஒன்பதாம் நாள் டின்கள் உப்பின. கிடங்கில் ஒருவர் கண்ணில் பட்டதால் யார் வீட்டு மேஜைக்கும் போகவில்லை. போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதைச் சாப்பிட்டவர்கள் பிழைப்பது கஷ்டம்.

ரஸ்ஸை அன்றே அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் கொடுத்ததோடு சரி. அவர் அட்டை இன்னும் அலுவலக அலமாரியில் இருக்கிறது, பதினாறு வரியிலும் என் கையெழுத்தோடு.

உங்களிடம் வீம்பு பிடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆர்விலிடம் போவது உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும் கேட்கிறேன். அங்கே கலன் அறையில் நீங்கள் தனியாக இருக்கும்போது, வால்வில் கை வைத்ததும் உங்கள் கண் எங்கே போகிறது?

கொலெட்


ஆகஸ்ட் 29, 1986

கொலெட்,

அட்டை நிரம்பிவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு வேளையில் ஆர்வில் போட்டுக் கொடுத்தான். ஒரு கையில் சாண்ட்விச், இன்னொரு கையில் என் பேனா. ஓரத்தில் கடுகு விழுது கறைகூட இருக்கிறது. "என்ன வரி இது?" என்றுகூடக் கேட்கவில்லை. பீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டான், அது வேறு எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாங்கியிருந்தால் கணக்குத் தீர்ந்தது என்று இருந்திருப்பேன்.

டினாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். "ஏங்க, கடைசி கையெழுத்து மட்டும் வேற மாதிரி இருக்கே?" என்றாள். அவளுக்கு இந்த ஆலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. உங்கள் இரண்டு பேருக்கும் எப்படி ஒரே இடத்தில் கண் போகிறதோ தெரியவில்லை.

இன்னும் லைலிடம் கொடுக்கவில்லை. சமையலறை இழுப்பறையில் கரண்டிகளுக்கு அடியில் இருக்கிறது. மூன்று நாளாகக் காலையில் எடுத்துச் சட்டைப்பையில் வைக்கிறேன், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து போடுகிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. முட்டை வேகவைக்கும்போதுகூடச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதியிருக்கிறேன். "முட்டைக்கும் அட்டை போட்டாச்சா?" என்கிறாள் டினா.

நீ கேட்டதற்குப் பதில். கவனித்துப் பார்த்தேன். தனியாக இருக்கும்போது என் கண் நீ வழக்கமாக நிற்கும் தூணுக்குப் போகிறது. அங்கே யாரும் இல்லை. இருந்தும் போகிறது. நீ இதைக் கேட்காமலேயே இருந்திருக்கலாம்.

அப்ராம்


செப்டம்பர் 3, 1986

கொலெட்,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை, விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நேற்று மதியம். நீளமான வார இறுதி விடுமுறை முடிந்து, மூன்று நாள் சோளமும் சேர்ந்து வந்துவிட்டது. வாசலில் பதினொரு லாரி. வெயில் வேறு. ஆர்வில் காலை ஷிப்ட் முடித்துவிட்டுப் போய்விட்டான். நான்கு கலனும் ஓடுகின்றன, நான் ஒருத்தன்தான்.

மூன்றாம் கலனில் நான்கு கூடை. சூடு ஏறி வந்தது. கலனின் சூட்டை வட்டத்தாளில் கோடாகப் போடும் பேனா இருநூற்றைம்பது டிகிரி காட்டியது. பாதரச வெப்பமானிக் கண்ணாடியைப் பார்த்தேன். இருநூற்று நாற்பத்தேழு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். நாற்பத்தேழுதான். பேனா கண்ணாடிக்கு மேலே காட்டினால் அது பொய் சொல்கிறது, கண்ணாடியைத்தான் நம்ப வேண்டும். ஒன்பதாவது வரி, நீ என்னை எட்டுத் தடவை சொல்ல வைத்தாய்.

வால்வில் கை வைத்தேன். கண் தூணுக்குப் போனது. அங்கே லைல் நின்றுகொண்டிருந்தான்.

"என்னய்யா?" என்றான்.

"கண்ணாடில மூணு டிகிரி கம்மியா இருக்கு. நிறுத்தப்போறேன்."

"பேனா இருநூத்தம்பதுல நிக்குதுல்ல? அப்புறம் என்ன?"

"பேனா தப்பு."

"யோவ், வாசல்ல பதினோரு லாரி நிக்குது. சோளம் வெயில்ல புளிச்சுக்கிட்டு இருக்கு. இப்ப நீ ஒரு கலன மூடினா எல்லாத்தையும் குப்பையிலதான் கொட்டணும். நீ வந்து எத்தன நாளாச்சு, எம்பது நாளா?"

"எழுபத்தொம்பது."

"நான் பன்னண்டு வருஷம் ஓட்டினவன். நான் சொல்றேன், போகட்டும். விடு கைய."

கொலெட், அவன் முகம் முழுக்க 'போ' என்று எழுதியிருந்தது. உன் முகம் இருந்த அதே உயரத்தில், அதே இடத்தில். என் கை வால்வை விட்டு எழும்பிவிட்டது. நிஜமாகவே எழும்பிவிட்டது. இருபத்திரண்டு வருஷம் எதிராளியின் கண்ணைக் கேட்டுச் செய்த கை அது. அப்போதுதான் நீ சொன்னது உறைத்தது. ஃபவுண்டரியில் என் எதிரே நின்றவன் காலும் என் காலோடு சேர்ந்து கரண்டிக்கு அடியில்தான் இருக்கும். லைல் காலுக்கு ஒன்றும் ஆகாது. அந்த டின்னைத் திறக்கப் போகிறவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள், அவர்கள் கண்ணை நான் பார்க்க முடியாது.

முதுகைத் திருப்பிக்கொண்டேன். கண்ணாடியை மட்டும் பார்த்தேன். நாற்பத்தேழு. மூடினேன். நேரம் 2.52 என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். நான்கு கூடைக்கும் சிவப்புச் சீட்டு ஒட்டினேன். அவன் பின்னாலிருந்து கத்தியதை உனக்கு எழுத முடியாது, டினா இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் ஒட்டுவாள்.

"உனக்கு யாருய்யா அதிகாரம் குடுத்தது?" என்று கேட்டான். சட்டைப்பையில் அட்டை இருந்தது. எடுத்துக் காட்டினால் பதினாறாம் வரியில் ஆர்விலின் கையெழுத்து. எனக்கு வெட்கமாக இருந்தது. காட்டவில்லை.

ஆய்வகத்தில் பார்த்துவிட்டார்கள். பேனாவின் கை வளைந்திருந்தது. கண்ணாடி சரி. காலை ஷிப்டில் அந்தக் கலனில் வெந்த இரண்டு தொகுதியையும் இப்போது ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் ஆர்வில் என்னோடு பேசுவதில்லை. லைலும் பேசுவதில்லை. கேன்டீனில் என் மேஜையில் நிறைய இடம் இருக்கிறது.

இன்று காலை ஆர்விலின் கையெழுத்தை அடித்துவிட்டேன், அவன் எதிரிலேயே. அவன் பார்க்காததற்குப் போட்டது. வரி மறுபடியும் காலி.

அட்டையை இத்துடன் அனுப்புகிறேன். கையெழுத்துக்காக இல்லை. நீ இதையும் பார்க்கவில்லை. அதனால் போடாதே. இரக்கப்பட்டுப் போட்டாய் என்றால் ஜென்மத்துக்கும் உன்னோடு பேச மாட்டேன். நடந்ததை யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். பன்னிரண்டாம் தேதி வரட்டும், சீசன் ஆளாகவே போகிறேன். டினாவிடம் சொல்லிவிட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டே இருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

அப்ராம்


செப்டம்பர் 6, 1986

அன்புள்ள அப்ராம்,

இரும்புக் கடைக்காரர் மேலே வந்து "ஏம்மா, யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்கும் அளவுக்கு அழுதேன். இல்லை என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். மனிதர் பயந்து இறங்கிப் போய்விட்டார்.

நீங்கள் சொன்னபடி கையெழுத்து போடவில்லை. பேனாவை எடுத்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. எடுத்துவிட்டு உங்கள் கடிதத்தை மறுபடி படித்து, கீழே வைத்துவிட்டேன். ரஸ்ஸுக்குச் செய்ததை உங்களுக்குச் செய்ய மாட்டேன்.

ஆனால் சீசன் ஆளாகப் போகிறேன் என்பதெல்லாம் என்ன பேச்சு? அட்டையின் பின்பக்கத்தை ஒழுங்காகப் படித்தீர்களா? 'பயிற்சியாளர்' என்று எங்கேயும் இல்லை. சான்றிதழ் உள்ளவர், தன் கண்ணால் பார்த்தவர். இரண்டே நிபந்தனைதான். உங்கள் கடிதத்தின்படி செவ்வாய்க்கிழமை மதியம் 2.52க்கு அந்த அறையில் அப்படி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மூன்றடி தூரத்தில் நின்று, ஒன்று விடாமல் பார்த்திருக்கிறார். நீங்களே முடிவெடுத்தீர்கள் என்பது அவரைவிட வேறு யாருக்கும் அத்தனை நன்றாகத் தெரியாது, ஏனென்றால் வேண்டாம் என்று கத்தியதே அவர்தான்.

அட்டையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், எடுத்துக்கொண்டு லைலிடம் போங்கள். கெஞ்ச வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம். மேஜைமேல் வையுங்கள்.

அவர் போடாமலும் போகலாம். போட்டால் தன் தவறைத் தானே எழுதிக் கொடுத்தது போல ஆகும். எனக்குத் தெரியவில்லை, அப்ராம். இங்கே உட்கார்ந்துகொண்டு நகத்தைக் கடிப்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளிக்கிழமை என்ன நடந்தாலும் உடனே எழுதுங்கள்.

கொலெட்


செப்டம்பர் 12, 1986

கொலெட்,

உன் கடிதம் நேற்று மாலைதான் வந்தது. இரவெல்லாம் போவதா வேண்டாமா என்று புரண்டேன். காலையில் டினா சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள், அதனால் போனேன்.

லைல் தன் அறையில் தனியாக இருந்தான். அட்டையை மேஜைமேல் வைத்தேன், பின்பக்கம் மேலே தெரியும்படி. அவன் படித்தான். திருப்பினான். பதினைந்து கையெழுத்தையும், அடித்த இடத்தையும், கடுகுக் கறையையும் பார்த்தான்.

"இதுக்கு நான் போடணுமா?"

"ஆமா."

"நான் என்னத்தய்யா பாத்தேன்னு போடுறது?"

"பாத்தத."

வெளியே லாரி ஒன்று பின்னால் வரும் சத்தம் கேட்டது. நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. ரொம்ப நேரம் எதுவும் நடக்கவில்லை. அப்புறம் பேனா மூடி கழலும் சத்தம். அழுத்திப் போட்டிருக்கிறான், அட்டையின் பின்பக்கத்தைத் தடவினால் கையெழுத்து விரலில் தட்டுகிறது. திங்கட்கிழமையிலிருந்து நான் நிரந்தர ஆள். டினா அழுதாள், இந்தத் தடவை கேக் இல்லை, நேராக ஹோட்டலுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டாள்.

அந்த நேரத்தில் அவன் முகம் எப்படி இருந்தது என்று நீ கட்டாயம் கேட்பாய். தெரியாது. நான் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலே சான்றிதழுக்குப் பக்கத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் இருக்கிறது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு நிமிஷம்.

அப்ராம்